பதினாலாயிரத்தில் வேகாத பருப்பு

நான் பூகோள வாத்தியார். மலைகளைப் பற்றிப் பத்து வருஷம் பாடம் நடத்தியவன். அந்தப் பத்து வருஷத்தில் நான் ஏறிய அதிகபட்ச உயரம், கடற்கரைச் சாலையில் இருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டு. அதிலும் பாதியிலேயே தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் இறங்கிவிட்டேன். மாணவர்களிடம் இதைச் சொன்னதில்லை.

புதுச்சேரியில் மலை கிடையாது. கோரிமேட்டுப் பக்கம் செம்மண் கொஞ்சம் உப்பியிருக்கும். சைக்கிளில் போகிறவர்கள் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய பள்ளியில் படித்து, அதே பள்ளியில் வாத்தியாராகவும் ஆன எனக்கு ஆல்ப்ஸ் மலை மனப்பாடம். எந்தக் கணவாயில் எந்த மாதம் பனி உருகும், எந்தப் பள்ளத்தாக்கில் பசுவின் கழுத்தில் எவ்வளவு பெரிய மணி கட்டுவார்கள் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பனிமலை எப்படியிருக்கும் என்று பையன்கள் கேட்டால், மீன் மார்க்கெட்டுக்கு மரத்தூள் போர்த்தி வரும் ஐஸ் பாளத்தைச் சொல்லி, "அது மாதிரி, மரத்தூளும் மீன் நாற்றமும் இல்லாமல்" என்பேன். அவர்களும் எழுதிக்கொள்வார்கள்.

இமயமலைக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியதும் அந்த ஒன்றரைப் பக்கம் ஒன்பது பாடமாக வளர்ந்தது. சென்னையிலிருந்து வந்த புதுப் புத்தகங்களில் மலைகளின் உயரமெல்லாம் அடிக்கணக்கில் இருந்தது. எங்கள் ஊரில் துணிகூட மீட்டரில்தான் கிழிப்பார்கள். கெஜம் என்று கேட்டால் கடலூர்க்காரர் என்று தெரிந்துவிடும். அடி என்பது எனக்கு இங்கிலீஷ்காரனின் கெட்ட பழக்கமாகவே பட்டது. என் பழைய அட்டவணையை எடுத்து ஒவ்வொரு சிகரமாக மீட்டரில் போர்டில் எழுதிப் போட்டு, புத்தகத்தில் உள்ளதை அடித்துவிடச் சொன்னேன். புத்தகத்தை நானும் அதற்கு மேல் திருப்பிப் பார்த்ததில்லை.

அதே வருஷம் பள்ளியில் பழைய சாமான்களைக் கழித்தபோது, ஆல்ப்ஸ் மலையின் வண்ணப்படம் ஒன்று குப்பைக்குப் போக இருந்தது. சுவர் அகலம். நான் அதைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ரெட்டியார்பாளையத்தில் இருந்த என் அக்கா வீட்டில் மாட்டினேன். இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் அது மட்டும்தான் பிடிக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அக்காவின் ஒரே மகனுக்கு அப்போது பதினாலு வயது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுவான்.

அக்காவின் கணவர், அதாவது மாமா, சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களை அப்படித்தான் சொல்வோம். சைகோனில் சில வருஷம், பிரான்சில் ஒரு குளிர்காலம், பிறகு பென்ஷன். மகனையும் அதே பட்டாளத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. மகன் போய் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு வந்து நின்றான்.

"ஏண்டா?" என்று மாமா கேட்டதற்கு, "நம்ம மலை அதைவிட ரெண்டு மடங்கு உசரம்னு மாமா சொன்னாரு" என்று படத்தையும் என்னையும் சேர்த்துக் கையைக் காட்டினான். அவனுக்கு மாமா நான்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அக்கா எழுதக்கூடியதாகவே சொன்னாள்: "எல்லாரும் பசங்களுக்கு மிட்டாய் வாங்கிக் குடுப்பாங்க. நீ ஒருத்தன்தான் மலை வாங்கிக் குடுத்த."

அறுபத்தொன்றிலிருந்து அவன் கடிதங்கள் மலையிலிருந்து வந்தன. அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பாள்; ஆனாலும் கடிதம் வந்தால் பிரிக்காமல் வைத்திருந்து, நான் போனதும் நீட்டுவாள். படித்துக் காட்டுவதோடு அங்கங்கே விளக்கமும் சொல்ல வேண்டும். அந்த விளக்கம்தான் என் சந்தோஷம். மலைக்காரர்கள் மூட்டையை முதுகில் வைத்து அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள், பெண்களும்கூட, பாட்டுப் பாடிக்கொண்டே, என்று எழுதுவான். டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பும் வெண்ணெயும் போடுகிறார்கள், முதல் நாள் துப்பிவிட்டேன், இப்போது அதில்லாமல் முடியவில்லை என்பான். கணவாய் உச்சியில் கயிறு கட்டி வண்ணத் துணிகளைப் பறக்க விட்டிருப்பார்கள். அதில் எழுதிய ஜெபத்தைக் காற்றே படித்துவிடுமாம். "அப்ப இவங்க வாயத் தொறக்க வேணாமா?" என்று அக்கா ஆச்சரியப்பட்டாள். ஜெபமாலை சொல்லிச் சொல்லி அவளுக்கு முழங்கால் வீங்கியிருந்த சமயம்.

அறுபத்திரண்டு அக்டோபரில் எல்லாம் மாறியது. எல்லையில் சீனாவோடு சண்டை. பக்கத்து வீட்டு வானொலியில் தினமும் ஒரு புது ஊரின் பெயர் வரும். நான் அதை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது நம் கையை விட்டுப் போயிருக்கும். அவனிடமிருந்து கடிதம் வருவது நின்றது. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே அக்கா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஏன் என்று கேட்டேன். "தந்தியா இருந்தா முதல்ல அவர் வாங்கட்டும்" என்றாள்.

சும்மா உட்கார முடியாமல் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள். சின்ன வயதில் கான்வென்ட் சிஸ்டர்களிடம் கற்றது. புதுச்சேரி வெயிலில் இருபத்தைந்து வருஷமாக அந்தக் கலைக்கு வேலை இருக்கவில்லை. பாசிப்பச்சைக் கம்பளி நூல் வாங்கி, முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை வரை முடித்துவிட்டாள். கைக்கு அளவு என் கை. "அவன் கை இன்னும் நாலு விரல்கட நீளம்" என்று சொல்லிக்கொண்டே என் கையை அளந்தாள்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் கடிதம் வந்தது. பல நாள் ஆன கடிதம். இருந்த ஊரின் பெயரைத் தணிக்கைக்காரர்கள் மை போட்டு மறைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் அவன் கையெழுத்து. சுகம் என்று எழுதியிருந்தான். "இங்கே பதினாலாயிரம் உயரத்தில் இருக்கிறோம். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. பருப்பை மத்தியானம் வரைக்கும் கொதிக்க வைத்தாலும் வேகவில்லை. சட்டை மேல் சட்டை போட்டும் குளிர் போகவில்லை." அக்கா அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள், "எந்த எடம்னு சொல்லுடா. நீதான் மலைய எல்லாம் கரைச்சிக் குடிச்சவனாச்சே."

நான் பெருமையோடு உயரத்தைப் பிடித்துக்கொண்டேன். ஊர்ப்பெயரை மறைத்துவிட்டு உயரத்தை விட்டுவிட்டார்களே, மடையர்கள், இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினாலாயிரம். மனதுக்குள் அட்டவணை ஓடியது. ஓடி முடிந்தும் போயிற்று.

"அக்கா, இது முடியாது" என்றேன்.

"எது?"

"உலகத்துலயே பெரிய சிகரம் ஒம்பதாயிரம்கூட இல்ல. பதினாலாயிரத்துல மலையே கெடையாது. அதுக்கு மேல வெறும் ஆகாசம்."

அக்காவின் முகம் வெளுத்தது. ஆகாசம் என்றதும் அவள் மனம் மோட்சத்துக்குப் போய்விட்டது என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. நல்லவேளையாக மாமா ஈஸிசேரில் இருந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"புளுகுறாண்டி உன் புள்ள! சொல்தா எழுதற லெட்டர் எல்லாம் இப்படித்தான். நான் சைகோன்ல இருந்து இன்னா எழுதினேன்? பீரங்கி பக்கத்துல படுத்திருக்கேன்னு எழுதினேனா?"

"ஆமா."

"நான் சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சினு இருந்தேன்."

"அடப்பாவி மனுசா! அதுக்கு நான் மாதாவுக்கு ஒம்பது நாள் நவநாள் வெச்சேனே!"

"வெச்சதாலதான் வெங்காயத்தோட போச்சி. இவனும் கீழ எங்கயோ ஸ்டோர்ல அரிசி அளந்துனு இருக்கான். ஊரு பேர மறைச்சவன் உசரத்த ஏன் விட்டான்? பொய்யின்னு அவனுக்கே தெரியும். பருப்பு வேகலையாம்! ஈர வெறகு, வேற இன்னா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நெசமாவா தம்பி? அப்படி ஒரு உசரம் இல்லவே இல்லையா?"

"சத்தியமா இல்ல."

மூன்று வாரத்தில் முதல் முறையாக அவள் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிற மாதிரி சிரித்தாள். அன்றைக்கு எனக்குக் கிடைத்த காபியில் பால் அதிகம். என் படிப்பால் ஒரு வீட்டுக்கு நிம்மதி வந்தது அதுதான் முதல் தடவை. அதைக் கொண்டாடத்தான் மறுநாள் ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னேன். பதினாலாயிரம் என்ற இடத்தில் சற்று நிறுத்தி, எல்லாரும் சிரிக்க இடம் விட்டேன். சிரித்தார்கள். பழைய பிரெஞ்சுப் பள்ளிக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கடலூரிலிருந்து புதிதாக வந்திருந்த கணக்கு வாத்தியார் மட்டும் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "சரியாத்தானே சார் எழுதியிருக்காரு? பேப்பர்லகூட தெனம் போடறான். பதினாலாயிரம் அடி, பதினாறாயிரம் அடின்னு" என்றார்.

எனக்குக் கலங்கரை விளக்கத்தின் பாதிப் படிக்கட்டில் சுற்றியது போலத் தலை சுற்றியது. நான் படித்த செய்தித்தாள் பிரெஞ்சுத்தாள். அதில் எல்லாம் மீட்டர். பட்டாளம் இங்கிலீஷ்காரன் விட்டுப்போன பட்டாளம். அதில் எல்லாம் அடி. அக்கா மகனுக்கு அது மூச்சு மாதிரி பழகியிருக்கும். அடி என்று எழுத வேண்டும் என்றே தோன்றியிருக்காது, மீட்டர் என்று சொல்ல எனக்குத் தோன்றாதது போலவே. காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். நாலாயிரத்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உச்சியாக இல்லாமல், மனிதன் நிற்கக்கூடிய, குளிரக்கூடிய, சுடப்படக்கூடிய ஓர் இடம். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், சூடு போதாது, பருப்பு வேகாது. இதை நானே போர்டில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். ஆல்ப்ஸில் வேகாத உருளைக்கிழங்கை வைத்து.

அன்று மாலையே சைக்கிளை மிதித்தேன். விழுப்புரம் ரோட்டில் போகிற வழி முழுக்க, எப்படிச் சொல்வது என்று வாக்கியம் தயார் செய்தேன். 'அக்கா, ஒரு சின்னத் திருத்தம்.' வாத்தியார் புத்தி. வீட்டுக்குள் நுழைந்தால், அக்கா பக்கத்து வீட்டம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எம் புள்ள கீழதான் இருக்கான். என் தம்பி பூகோளத்த வெச்சே கண்டுபிடிச்சிட்டான்." பக்கத்து வீட்டம்மாள் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். நான் காபி குடித்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளும் போனேன். மாமா சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் சொல்லிவிடுவது என்று உறுதியாக முடிவு செய்துகொண்டு போகவே இல்லை. நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மலை இருக்கும் இடத்தில்தான் இருக்கப்போகிறது, அவன் இருக்கும் இடத்தில்தான் இருக்கப்போகிறான், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேராவது தூங்குவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல வாதம்தான். ஆனால் எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. பதினாலாயிரம் அடி முழுவதும் என் ஒருவன் தலையில் உட்கார்ந்திருந்தது.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கப் போயிருந்தது. தோள்பட்டையில் பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

"இன்னா அக்கா பண்ற?"

"சிஸ்டருங்க சாயங்காலம் நூலு வாங்க வராங்க. நெசமா பனியில நிக்கற புள்ளைங்களுக்குக் கையுற, காலுற பின்னப் போறாங்களாம். கீழ அரிசி அளக்கறவனுக்கு எதுக்குடா ஸ்வெட்டரு? வா, கைய நீட்டு. சிட்டம் போடணும்."

நீட்டினேன். என் இரண்டு மணிக்கட்டையும் சுற்றி நூலை ஓட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு வரிசையாகத் தோள் கரைந்து என் கைக்கு வந்துகொண்டிருந்தது. நூலில் இன்னும் பின்னலின் சுருள் போகவில்லை. ஓடவும் முடியாது, காபி வாங்கிக் குடிக்கவும் முடியாது. இரண்டு கையும் கட்டுப்பட்டிருந்தது. அவள் வேகமாகச் சுற்றினாள். நெஞ்சுப் பகுதியில் முதல் வரிசை அவிழ்ந்ததும் நான் சொன்னேன்.

"பிரிக்காத அக்கா."

"ஏன்?"

"அவன் பொய் சொல்லல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். அது அடிக்கணக்கு. அப்படி உசரம் இருக்குது. அங்கதான் இருக்கான்."

நூல் நின்றது. மாமாவின் ஈஸிசேரும் கிறீச்சிடுவதை நிறுத்தியது.

"எப்பத் தெரியும்?" என்றாள்.

"போன திங்கக்கெழம."

அவள் திட்டியிருக்கலாம். ஒரு வாரம் என்று மட்டும் சொன்னாள். இன்னும் கொஞ்சம் மெதுவாக, "ஒரு வாரத்துல ரெண்டு கையும் முடிச்சிருப்பேனே" என்றாள்.

மாமா எழுந்தார். "வேகாத பருப்ப துன்னுனு இருக்கானா..." என்று யாரிடம் என்று இல்லாமல் சொன்னவர், உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனை வீடு முழுக்கப் பரவியது. பிரான்சில் இருந்த குளிர்காலத்தில் கொடுத்த கம்பளிக் காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்து, என் பக்கம் திரும்பாமல், அக்காவின் மடியில் வைத்தார். "வெறும் ஸ்வெட்டர் பத்தாது. குளிரு கால்ல இருந்துதான் ஏறும். நான் ஒண்ணும் எப்பவும் வெங்காயமே உரிக்கல."

அக்கா ஊசியை எடுத்தாள். அன்றிலிருந்து நான் பள்ளி விட்டதும் நேராகப் போய்க் கையை நீட்டிக்கொண்டு உட்காருவேன். என் கையிலிருந்து நூல் மறுபடி தோளாக, கையாகப் போனது. மூன்று நாள் அவள் என்னிடம் "நேரா புடி" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நாலாவது நாள் பார்சல் கட்டினோம். முகவரியை நான் எழுதியதும், வாங்கித் தானும் ஒரு முறை எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

அந்த வாரமே சண்டை நின்றுவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். தெருவில் சந்தோஷப்பட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் சந்தோஷப்படத் துணியவில்லை. சண்டை நின்றது என்றுதான் சொன்னார்கள். அவன் நிற்கிறானா என்று சொல்லவில்லை. அக்கா கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். இப்போது மாமாவும் அவளோடு நின்றார். தந்தி வந்தால் வாங்க என்னைத்தான் வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு மாதம்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. அவன் கையெழுத்து. உறையின் மேல் ஏதோ சமவெளி ஊர் ஆஸ்பத்திரியின் முத்திரை. நான் பிரித்து, வாய்விட்டுப் படிப்பதற்கு முன்பு வேகமாகக் கண்ணை ஓட்டினேன். உயிரோடிருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். பார்சல் மலையெல்லாம் சுற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்ததாம். இங்கே வெயில்தான், இருந்தாலும் போட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறேன், ஒரு கை மட்டும் கொஞ்சம் நீளம் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

அக்கா என் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். "உசுரோட இருக்கானா?"

"இருக்கான்."

கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

"இதுல நம்பரு எதுனா இருக்கா?" என்றாள்.

"ஒண்ணு இருக்கு."

"எவ்வளவு?"

"ரெண்டு."

"ரெண்டு இன்னாது? ஒழுங்கா சொல்லு. மீட்டரா, அடியா?"

"விரல்" என்றேன். "எடது கால்ல. பனியில."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். கடிதத்தின் தேதியை நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு உண்மை தெரிந்த அந்தத் திங்கட்கிழமையே பார்சலை அனுப்பியிருந்தாலும் அந்தக் காலுறை விரல் போவதற்கு முன்னால் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்காது என்றுதான் கணக்கு வருகிறது. ஆனால் அது நான் போட்ட கணக்கு.

அக்கா என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு, ஆல்ப்ஸ் படத்துக்குக் கீழே அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து தானே எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.